லாந்தனம் இல்லாத படலம்

தனலெட்சுமி காலமான செய்தி ஆய்வுக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து முடிவதற்குள் துறைத்தலைவரின் அடுத்த செய்தி: "தனம் படம் நல்லதா ஒன்னு யார்கிட்டயாவது இருக்கா? கட்டுரையோட போடணும்." அது எந்தக் கட்டுரை என்று எனக்குத் தெரியும். தனத்தை அறிந்த உங்களுக்கும் தெரிய வேண்டும்.

நீலாய் ஊரின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கருவியில் வேலை செய்தோம். வெற்றிடக் கலனுக்குள் ஸ்ட்ரோன்டியம் டைட்டனேட்டை லேசரால் ஆவியாக்கி, சூடான தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிய வைப்போம். பெரோவ்ஸ்கைட் வகை ஆக்சைடு அது. இயல்பில் மின்சாரத்தைக் கடத்தாது. கொஞ்சம் லாந்தனம் கலந்தால் கடத்தும். எங்கள் படலங்கள் அபாரமாகக் கடத்தின. எல்லாம் லாந்தனத்தின் மகிமை என்று தலைவர் மேடை மேடையாகப் பேசிவந்தார்.

தனம் அதே சூட்டில், அதே ஆக்சிஜன் அழுத்தத்தில், லாந்தனமே கலக்காமல் ஒரு படலம் செய்தார். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு கடத்தியது. கலனில் ஆக்சிஜனைக் குறைத்து விட்டதால் படலத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் காலியாகி, எலெக்ட்ரான்கள் மிஞ்சியிருந்தன; மின்சாரத்தைக் கடத்தியவை அவைதான். படலத்தில் பாதியை வெட்டி ஆக்சிஜனில் சுட்டார். அந்தப் பாதி கடத்துவதை நிறுத்திவிட்டது.

"உப்பு போடாத சாம்பார ருசி பாக்காம, ருசியெல்லாம் உப்பாலதான்னு எப்படிலா சொல்றது?" என்று என்னிடம் சிரித்தார்.

கூட்டத்தில் தலைவர் சிரிக்கவில்லை. "கட்டுரையில அந்த சாம்பிள விட்டுடுங்க தனம். யாரும் கேட்டா அப்ப பாத்துக்கலாம்லா," என்றார்.

தனம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். "எங்க தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி சொல்றதுதான் ரப்பர் பால் எடை. யாரும் எதுத்துப் பேச முடியாது. இங்கயும் அதே கதைன்னா என் பேர எடுத்துடுங்க டாக்டர்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பெயரை எடுத்தார்கள். கட்டுரை கிடப்பில் கிடந்தது.

அவர் இறந்ததும் கட்டுரைக்கு உயிர் வந்தது, பெயரும் திரும்பி வந்தது. இனி மறுக்க ஆள் இல்லையே. "இது நாம அவங்களுக்குச் செய்ற மரியாதைலா," என்றார் தலைவர். சீ! இறந்தவர் விரலைப் பிடித்து ரேகை வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதினாறாம் நாள், ராசா என்ற ஊரில் தனத்தின் வீட்டில், இதழுக்கு அனுப்பிய அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் வைத்தார் தலைவர். தனத்தின் கணவர் லோரி ஓட்டுபவர். சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இதுல தனம் என்ன செஞ்சிருக்கு?"

"வேணாம்னு சொன்னாங்கண்ணே. என் பேரப் போடாதீங்கன்னு சொன்னாங்க."

அவர் சட்டத்தைத் தலைவர் கையிலேயே கொடுத்து, "கொண்டு போயிருங்க சார்," என்றார்.

பெயரை நீக்கச் சொல்லி நானும் இதழுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. தனத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் படலத்தின் சுடாத பாதி. நகத்தளவு, கறுத்துப்போனது. அதில் துளி லாந்தனம் கிடையாது. நேற்றுகூட அளந்து பார்த்தேன். கடத்துகிறது.