தனம் அண்ணியின் மூச்சு

தனம் அண்ணிக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னது 1997இல். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. என் அண்ணன் கருப்பன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சுக்குக்காபி விற்றுப் பிழைத்தாள். மற்ற நாளில் நாலு பேர் வந்தால் அதிகம். பௌர்ணமிக்குத்தான் வியாபாரம், இரண்டு நாள் அடுப்பை விட்டு நகரமாட்டாள்.

இதயம் சரியாக வேலை செய்யாததால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, தினமும் நீர் மாத்திரை போட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் பள்ளிக்கூட டீச்சர். மாத்திரை வாங்கித் தருவதும் அதட்டுவதும் என் பொறுப்பு.

மாதம் பூராவும் ஓரளவு நன்றாக இருப்பாள். பௌர்ணமி முடிந்ததும் கால் வீங்கிவிடும். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். ஒரு வாக்கியம் பேச மூன்று முறை நிற்பாள். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறாள் என்று முடிவு கட்டி அவள் சமையலறையைக் குடைந்தேன். கிடைத்த ஊறுகாயைக் கொண்டுபோய்த் தெருவில் கொட்டினேன்.

"மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தாங்க வாங்கித் தர்றேன். ஒரு நாள்கூட விடமாட்டாங்க," என்று நான் முந்திக்கொண்டேன். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் சிறுநீரகமும் பழுதாகியிருக்கலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

1999 சித்திரை பௌர்ணமிக்கு மறுநாள், பக்கத்துக் கடை மணியம்மாள் அவளை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் வைத்து, சிறுநீர் போகக் குழாயும் மாட்டினார்கள். "என்னத்த தின்னீங்க அண்ணி?" என்று அங்கேயும் கத்தினேன்.

"ஒண்ணும் திங்கல டீச்சரம்மா," என்றாள் விட்டு விட்டு. "பௌர்ணமின்னா மட்டும் மாத்திரைய வுட்டுடுவேன். மூணு நாளு. அத்தப் போட்டா அரைமணிக்கு ஒருவாட்டி எழுந்து போவணும். அவ்ளோ ஜனத்துல பொம்பள எங்க போவா?"

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"ஆம்பளைகிட்டயா?"

நானும் கிரிவலம் போகிறவள்தான். எங்கும் ஒதுங்க இடமில்லை என்று, கிளம்பும் முன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். எனக்குத் தெரியாத விஷயமா இது? கருவாட்டைத் தேடிய நேரத்தில் இதை யோசித்திருக்கலாம். வெட்கமாக இருந்தது.

அண்ணி குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "இப்பதான் எங்கயும் போவ வேணாமே. மாத்திரையக் குடு, போட்டுக்கறேன்," என்றாள்.

கட்டிலில் மாட்டியிருந்த சிறுநீர்ப் பையில் காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுநாள் மதியம் அவள் மூச்சு நின்றது.