ஏசித் தண்ணீரும் அன்னதானமும்

ஏசியில் தண்ணீர் ஒழுகுவதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் வீட்டில் ஒழுகினால் கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு டிவி பார்ப்பீர்கள். என் வீட்டில் ஒழுகியது என் கணவருக்கு டயாலிசிஸ் செய்கிற அறையில்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து இறக்கி, மறுபடியும் புதுப் பை மாட்டி ஏற்ற வேண்டும். தினமும் வீட்டிலேயே நான்தான் செய்கிறேன். கழுவிக் கழுவி என் கைத்தோல் உரிந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு தடவை வயிற்றுக்குள் கிருமி புகுந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இன்னொரு தடவை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அறைக்குள் தூசி வரக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, சுவரில் ஈரமோ பூஞ்சையோ இருக்கவே கூடாது. அடைத்த அறையில், இந்த ஊர் வெயிலில், ஏசி இல்லாமல் மனுஷன் எப்படி உட்காருவார்?

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டுக்கார அம்மா. எங்கள் படுக்கையறைச் சுவர் தெருவைப் பார்த்தது. ஏசியின் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரைத் துளைத்து வெளியே தொங்கும்.

வெயில் காலம் தொடங்கியதிலிருந்து ஒழுகல். ஏசியின் அடியிலிருந்து சுவர் வழியாக இறங்கி, கட்டிலுக்குப் பின்னால் நீளமாக ஈரம். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மறுநாள் வந்து, குழாயில் காற்றடித்துப் பார்த்துவிட்டு, “பைப்பு கிளியராதான்க்கா இருக்கு, தண்ணி நல்லா போவுது” என்பான். அடுத்த தடவை, “லெவல் கொஞ்சம் கம்மி” என்று பெட்டியைத் தூக்கி மாட்டினான். சில வாரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. நான் கத்துவேன், பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்ப்பேன். இவரோ, “விடும்மா, தானா காஞ்சிடும்” என்று சுவரைப் பார்க்காமலே சொல்வார். உடம்பு முடியாதவர் அலுத்துப்போய்ச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் மறுபடியும் கொட்டியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “ரோடெல்லாம் கூட்டம்க்கா, வண்டி எடுக்க முடியாது. நீங்களே வெளிய போயி பைப்பு முனையப் பாருங்க” என்றான்.

பௌர்ணமி என்றால் நான் முன்வாசல் பக்கமே போவதில்லை. வீட்டுக்கார அம்மா மாதா மாதம் எங்கள் அறைச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டு, மலை சுற்றுகிறவர்களுக்கு அன்னதானம் செய்வார். அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம், மைக், கூட்டம். பின்கட்டு வழியாகவே போய்வந்துவிடுவேன். அன்றைக்கு இடித்துப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் நுழைந்தேன். எங்கள் ஏசிக் குழாயை மேலே தூக்கி, முனையை மடக்கி, ஒரு துணியால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. “யாருங்க இதக் கட்டினது?” என்று நான் போட்ட சத்தத்தில் தட்டு ஏந்தி நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள்.

வீட்டுக்கார அம்மா கரண்டியோடு வந்தார். “ஏம்மா கத்துற? நான்தான் கட்டச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பக்கத்துல சொட்டுதுல்ல? காலைல அவுத்துடறோமே.”

“சொட்டினா என்னங்க? வெறும் தண்ணிதானே!”

“வெறும் தண்ணியா? ரூம்ல இருக்கிறவங்க வேர்வைதானம்மா அது. அதுவும் சீக்காளி ரூமு. அன்னத்துல பட்டா பாவம் எனக்கில்ல வரும்?”

சீக்காளி ரூமு! “அந்தச் சீக்காளிக்குக் கிருமி வந்து செத்தா அது யாருக்குங்க பாவம்?” என்று கேட்டேன். “நீளமா ஒரு டியூப்ப மாட்டி சந்துல விட்டா முடிஞ்சிது. ஊருக்கெல்லாம் சோறு போடத் தெரியுது, இது தெரியலையா?” துணி முடிச்சைப் பிடித்து இழுத்து அவிழ்த்தேன். அடைபட்ட தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சியது. பக்கத்தில் கிடந்த பக்கெட்டில் குழாயை விட்டேன்.

அந்த அம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “என்னய எதுக்கும்மா திட்டுற? முத மாசமே உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் கட்டினோம். தாராளமா கட்டுங்கன்னு அவருதான் சொன்னாரு.”

ஈரப் புடவையோடு உள்ளே வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சேவா இருந்தீங்க?”

“சொன்னா நீ விடமாட்ட.” துண்டை மடித்தார். “முன்னெல்லாம் மாசா மாசம் மலையச் சுத்தி வந்தேன். இப்ப வாசல் வரைக்கும் நடக்க முடியல. கட்ட விட்டா என் பேர்ல ஒரு அண்டா போடறேன்னு அந்தம்மா சொன்னாங்க. நாலு பேரு சாப்ட்டு வாழ்த்தினா உடம்பு தேறும்னு...”

“எவன் எவனோ வாழ்த்தி உங்களுக்கு உடம்பு தேறணுமா? வாயில மாஸ்க்கக் கட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சிக்கிட்டு தினம் தினம் பை மாத்துறேனே, நான் யாருங்க உங்களுக்கு?”

வெளியே மைக்கில் அடுத்த அண்டா யார் பேரில் என்று அறிவித்தார்கள். இவர் பெயர்தான். சண்டை போட்ட பிறகும் அந்த அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். இவர் தலையை நிமிர்த்திக் கேட்டார். கண்ணெல்லாம் சிரிப்பு.

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. ஆனால் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நான் மாற்றிய எந்தப் பைக்கும் அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை.