மெயினோடு அணைந்த போன்

எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். சங்கரன்கோவிலில் பல வீடுகள் இப்படித்தான். சமீபத்தில் பழைய லேண்ட்லைனை எடுத்துவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் இணைப்பு வாங்கினோம். ரவுட்டரையும், போன் வயரைச் செருகும் சிறு பெட்டியையும் மாட்டத் தறிக்கூடச் சுவரில்தான் பிளக் காலியாக இருந்தது. அங்கேயே மாட்டச் சொன்னேன். மாமனாருக்கு மூச்சிரைப்பு உண்டு; பார்வையும் மங்கல், செல்போன் ஒத்துவராது. பழைய பட்டன் போன்தான் அவர் விரலுக்குப் பழக்கம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு அடித்தேன். லைனே கிடைக்கவில்லை.

"அப்பா தூங்குவாவ, விடு" என்றார் கணவர்.

"தூங்கினா மணியாவது அடிக்கும்லா?"

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பைக்கில் திரும்பும் வழியெல்லாம் மாமனாரின் மூச்சிரைப்புதான் காதில் கேட்டது. கதவைத் திறந்தால், ரிசீவரை மார்போடு பிடித்தபடி தரையில் கிடக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அமுக்கி அமுக்கிப் பாத்தேன் மக்கா... சத்தமே வரல."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த கணவர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"தறி லீவுன்னு கூடத்து மெயின நாந்தான் எறக்கிட்டு வந்தேன்."

ஞாயிறுதோறும் செய்வதுதான். பழைய போனுக்கு நம் வீட்டுக் கரண்ட் தேவையில்லை, இதற்குத் தேவை என்பது இருவருக்கும் உறைக்கவே இல்லை.

இப்போது ரவுட்டரும் பெட்டியும் வீட்டுக்குள், இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன. ஆனாலும் வெளியே கிளம்பும்போது ரிசீவரைக் காதில் வைத்து, அந்த 'ங்' என்ற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் செருப்பு மாட்டுகிறேன்.