சொன்ன சாட்சியைத் திருத்தினேன்

1997 ஜூலையில் என் வலது கண்ணில் மறுபடி பனி படர்ந்தது. கண்புரை அறுவை முடிந்து பதினோரு மாதம்தான். இடது கண் சிறுவயதிலேயே போனது. தி. நகரில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துவது என் பிழைப்பு.

கட்டு அவிழ்த்த வாரமே, அடையாறு ஜெபவீட்டில் எழுந்து, "தேவன் பூரணப் பார்வை தந்தார்" என்று சாட்சி சொல்லியிருந்தேன். அதனால் இப்போது பார்வை மங்குவதைப் போதகரிடம் மட்டும் சொன்னேன்.

"சாட்சி சொன்ன வாயால சந்தேகம் பேசாதீங்க சிஸ்டர். டாக்டர்கிட்ட ஓடினா தேவனைப் பொய்யராக்குறீங்க" என்றார். அவர் மூக்கில் புதுக் கண்ணாடி இருந்தது. அவரை வெறுத்தேன். அவர் சொன்னபடியே நடந்த என்னை அதைவிட வெறுத்தேன்.

அலுவலகத்தில் என் உதவியாள் கன்னியப்பன் மூலப் பிரதியை உரக்க வாசிப்பான். நான் அச்சுப்படியில் சரிபார்ப்பேன். எழுத்து தெரியாமல், அவன் குரலை மட்டும் கேட்டு டிக் போட்டேன். ஒரு மரண அறிவிப்பில் இறந்தவர் பெயரே மாறி வெளியானது. இன்னொரு பிழை வந்தால் வேலை இல்லை என்றார் ஆசிரியர்.

படிக்கட்டில் நின்று ஜெபித்தேன். ஜெபமல்ல, சண்டை. "உமக்காகப் பொய் சொல்லி என் சோறு போகிறது. பதில் சொல்லும். இல்லையென்றால் இனி வரமாட்டேன்."

மதியம் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. கன்னியப்பன் வாசித்தான். கண்புரையை எடுத்தபின் லென்ஸ் உறையில் மிஞ்சும் செல்கள் வளர்ந்து பார்வையை மறைக்கலாம். அவற்றை வளரத் தூண்டும் மரபணுக்களையே அடக்கி, இதை வராமல் தடுக்க ஆய்வகங்களில் முயல்கிறார்கள். அது கைக்கு வர வருடங்கள் ஆகும். இப்போதைக்கு லேசரால் உறையில் சிறு வழி திறக்கலாம்.

என் பேனா நின்றது.

"இன்னாக்கா, டிக் போடல?"

"திரும்பப் படி."

படித்தான். என் முகத்தைப் பார்த்தான். "யக்கா, உனுக்கும் இதானா? இத்த வச்சிக்கினுதான் செத்தவன் பேர மாத்தி வுட்டியா? இன்னும் யார சாவடிக்கப் போற? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

லேசர் சில நிமிடங்கள்தான். மறுநாள் மயிலாப்பூர்க் குளத்துப் படிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அழுதேன்.

ஞாயிறு ஜெபவீட்டில் எழுந்தேன். பார்வை மங்கியது, மறைத்தேன், தேவனைத் திட்டினேன், அவர் கட்டுரையாகப் பதில் அனுப்பினார் என்றேன். போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். நான் உட்காரவில்லை.

பக்கத்தில் இருந்த தையல்காரி மேரி என் முந்தானையை இழுத்தாள். "எனக்கும் நாலு மாசமா ஊசி கோக்க முடியலக்கா. கண்ணு சரியாச்சுன்னு சாட்சி சொல்லித் தொலைச்சிட்டேனே."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வா, நானே கூட்டிப் போறேன்" என்றேன், பாட்டை மீறிய சத்தத்தில்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தேவனைக் காப்பாற்ற நம் பொய் வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் வாருங்கள். அவர் தாங்குவார்.