உப்புத்தாளக்காவின் அலமாரி

மேசை விளிம்பில் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போகிறார். ஓர் இடத்தில் கை நிற்கிறது. இடுப்பில் செருகிய உப்புத்தாளை உருவித் தேய்க்கிறார். அவர் செய்த மேசைகூட அல்ல. வேலை பேச வந்த வீட்டு மேசை. "கண்ணை உறுத்துனா திரும்பிக்கலாம். கையை உறுத்துனா என்ன பண்றது?" என்பார்.

வீடுகளுக்கு இரும்பும் மரமும் இணைத்து அலமாரி, படிக்கட்டு, தடுப்பு என்று செய்து தருகிற அவருக்குப் பட்டறையில் உப்புத்தாளக்கா என்று பெயர். அது கையிலிருப்பதால் வந்த பெயரா, நாக்கிலிருப்பதால் வந்ததா என்று தச்சருக்கும் வெல்டருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.

அந்த இருவரையும் கட்டி மேய்ப்பதே பாதி வேலை. தச்சர் இழைத்துக் கொடுத்த பலகையை வெல்டர் சட்டத்தோடு இறுக முடுக்கிவிட்டால் போச்சு. "மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்கு இளைக்கும். இரும்பு அசைஞ்சு குடுக்காது. நடுவுல ஒரு நூல் இடம் விடுங்கப்பா. நெருக்குனா குடும்பம் நடக்காது." சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்கும் கணவர், "கேட்டுக்கங்க, இத்தனை வருஷமா எனக்கு விட்ட இடமும் அதுதான்" என்பார்.

அண்மையில் அவருக்கே ஒரு வீட்டில் சறுக்கியது. ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்த பெரியவர். வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அறையிலிருந்து கூடம்வரை பிடித்து நடக்கக் குழாய் வேண்டுமென்றாள் மகள். பளபளவென்று ஸ்டீலில் பொருத்திக் கொடுத்தார் அக்கா. பெரியவர் அதைத் தொடவே இல்லை. "ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றவர் அறையோடு முடங்கிவிட்டார். சாப்பாடும் கட்டிலுக்கே போனது. மகள் கண்கலங்கிச் சொன்னாள். மறுநாள் அக்கா தாமே வந்து குழாயைக் கழற்றினார்.

அதே சுவரில், இடுப்புயரத்தில், நெடுக ஓர் அலமாரிப் பலகை வந்தது. இரும்புத் தாங்கிகள் சுவருக்குள் ஆழப் புதைந்திருந்தன. வெளியே தெரிந்தது தேக்கு மட்டும். விளிம்பின் அடியில் விரல் பற்றுமளவு குழிவு. ஆளே ஒரு பீரோ போலிருக்கும் வெல்டரைக் காலை மடக்கி அதில் தொங்கச் சொன்னார்.

"உடைஞ்சா யாரு பொறுப்பு?"

"நீதான். உன் வெல்டிங்தானே?"

உடையவில்லை. பெரியவர் மூட்டை கட்டிப் போட்டிருந்த பழைய ரேடியோக்களை மகள் வரிசையாக அடுக்கினாள். கூடத்துப் பக்கம் கடைசியாக இருந்ததை அக்கா திருகினார். அது கரகரவென்று இரைந்தது.

"யாரு அது? அப்பிடித் திருகாதீங்க, வீணாப் போயிடும்!"

வாசற்காலைப் பிடித்தபடி பெரியவர் வெளியே வந்தார். வலது கை பலகைக்குத் தாவியது. காலை இழுத்து இழுத்து நடந்தார். பாதி வழியில் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. "அப்பா!" என்று மகள் பாய்ந்தாள். அக்கா கையை நீட்டி அவளைக் குறுக்கே மறித்தார். பெரியவரின் விரல்கள் குழிவை இறுகப் பற்றின; நிமிர்ந்தார்; மறுபடி நடந்தார்.

ரேடியோ தெளிவாகப் பாடத் தொடங்கும்வரை அக்கா அந்தக் கையை இறக்கவில்லை.