நாலு போத்தல் தண்ணீர்

பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் எடுத்த முதல் விடுமுறை அது. லா ஷப்பலில் எங்கள் வீட்டுப் படியிறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் ரூ காய், தமிழ்க் கடைகள் நிறைந்த தெரு. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் என் கணவர் கொத்துரொட்டி போடுகிறவராக இருந்தார். நான் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிறவள். இரண்டு பேருக்கும் ஆகஸ்டில் ஒரே கிழமை, ஏழு நாளும் லீவு கிடைத்ததே பெரிய அதிசயம். எங்கே போவது என்பதை எங்கள் மகள்தான் முடிவு செய்தாள். பதினான்கு வயது. அவள் எதையும் பிரெஞ்சில்தான் சொல்வாள், நான் தமிழில் திட்டுவேன், வீடு அப்படித்தான் ஓடியது.

தெற்கே, மத்தியதரைக் கடலோரம், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு முகாம். வகுப்புப் பிள்ளைகள் அப்படியான இடங்களில் மலை ஏறிய படங்களையும் படகு வலித்த படங்களையும் அவள் வருடா வருடம் போனில் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுடைய கோடைகாலம் மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். பாவமாக இருந்தது. சரி என்றேன்.

எங்களுக்குக் கிடைத்தது சக்கரம் வைத்த ஒரு பெட்டி வீடு. இரண்டு கட்டில், சமைக்க ஒரு சின்னக் குசினி, வெளியே பிளாஸ்டிக் மேசை. சில்வண்டுகள் பகல் முழுக்கக் காதைக் குடைந்தன. முதல் இரண்டு நாளும் என் கணவர் கழுத்துவரை கடலில் இருந்தார். நீந்தத் தெரியாது, சும்மா குந்தியிருந்தார். "என்னப்பா, ஊறப்போட்ட உளுந்து மாதிரி இருக்கிறியள்" என்று கேட்டேன். "ஒருத்தரும் ஓடர் சொல்லேல்லை, அதுதான் நல்லாயிருக்கு" என்றார். அவர் கையில் ஒரு வேலையும் இல்லாமல் சிரித்ததை நான் அந்த இரண்டு நாளில்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நடை. மலையைத் தாண்டிப் போனால் பாறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடற்கரை இருக்கிறது, கண்ணாடி போன்ற தண்ணீர் என்று மகள் சொன்னாள். முகாம் அலுவலகத்தில் ஒரு தாள் வாங்கி வந்து அதற்கு முதல்நாளே எங்களுக்கு விளக்கினாள். காலை ஏழு மணிக்கு வெளிக்கிட வேண்டும். தொப்பி வேண்டும், செருப்பு இல்லை, சப்பாத்து வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒன்றரை லிட்டர் போத்தல் நாலை மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

நான் ஐந்து மணிக்கே எழும்பிச் சமைக்கத் தொடங்கினேன். வெறும் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு மலை ஏற நாங்கள் என்ன வெள்ளைக்காரரா? புளிச்சாதம், கோழிப் பொரியல், அவித்த முட்டை. அந்தச் சின்ன அடுப்பில் ஒன்று முடிந்துதான் மற்றது. பத்து மணியாகிவிட்டது. நேரம் போகிறது என்று மகள் நாலு தரம் வந்து சொன்னாள். நாலு தரமும் ஏச்சு வாங்கிக்கொண்டு போனாள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய முதுகுப்பை. சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கியதும் நாலு போத்தலுக்கு இடமில்லை. நான் இரண்டை எடுத்து பிரிட்ஜில் வைத்தேன். திரும்பி வந்து குளிரக் குளிரக் குடிக்கலாம் என்று நினைத்தேன். கடற்கரை என்றால் அங்கே சோடா விற்க ஒருவனாவது இருப்பான் என்றும் நினைத்தேன். ஆள் வருகிற கடற்கரையில் கடை இல்லாமல் இருக்கும் என்று என் மண்டையில் படவேயில்லை. நான் போத்தலை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு காவல்காரப் பெண் நின்றாள். எங்கள் செருப்புகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மகளோடு பேசினாள். மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

"இப்ப போகவேண்டாமாம். நல்ல சூடாம். நாளைக்கு விடியவே வரட்டாம்."

"வெயிலைப் பற்றி எங்களுக்குப் படிப்பிக்கப் போறாவோ?" என்றேன். "நாங்கள் வெயிலுக்கை பிறந்த ஆக்கள் எண்டு சொல்லு."

என் கணவர் சிரித்தார். "நான் ஒவ்வொரு நாளும் பத்து மணித்தியாலம் கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னாலை நிக்கிறன். இதெல்லாம் ஒரு வெயிலே?"

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

நாங்கள் வெயிலுக்குள் பிறந்தது உண்மைதான். ஆனால் அந்த உடம்பை எப்போதோ தொலைத்துவிட்டோம். அவர் நிலக்கீழ்க் குசினியிலும் நான் ஜன்னல் திறக்காத ஹோட்டல் நடைகளிலும் வருடக்கணக்காக இருந்தவர்கள். அவருக்கு நாற்பத்தொன்பது வயது, பிரஷர் குளிசை போடுகிறவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண்ணை நக்கலடித்தேன்.

இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. கீழே கடல் மகள் சொன்னது போலவே இருந்தது. கடை இல்லை. ஒரு குழாய்கூட இல்லை. மகள் பையைத் திறந்து தண்ணீர் தேடினாள். "ரெண்டுதானா?" என்று கேட்டாள். "சத்தம் போடாதை, மூண்டு பேருக்குக் காணும்" என்றேன். புளிச்சாதமும் பொரியலும் உப்பும் உறைப்புமாக இருந்தன. சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு போத்தல் வெறும் போத்தல். மற்றதில் பாதியை அவர் மகளைக் குடிக்க வைத்தார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன்.

திரும்பி ஏறத் தொடங்கியபோது மூன்று மணி இருக்கும். வெள்ளைப் பாறை, ஒரு மரநிழல் இல்லை. பாதி வழியில் அவர் நின்றார். களைப்பு என்று நினைத்து, "வாங்கோ, வாங்கோ" என்று கையைப் பிடித்தேன். கை அடுப்பில் வைத்த சட்டியாகச் சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை. அவர் என்னைப் பார்த்து, "ஆறாம் மேசைக்கு ரெண்டு கொத்து, ஒண்டு உறைப்புக் குறைய" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அறையலாம் போல இருக்கிறது. அவர் இரண்டு கையாலும் கொத்துகிற மாதிரிக் காற்றை வெட்டிக்கொண்டு அப்படியே சரிந்தார்.

போனில் சிக்னல் இல்லை. மகள் மலைமேல் ஓடினாள். எதிரே வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்கள் தண்ணீர் முழுவதையும் அவர் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார்கள். அந்த மனுசி என்னைப் பார்த்து உங்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு தெரியாதவள் மாதிரி இருந்தேன். பைக்குள் முட்டைக் கோதும் கோழி எலும்பும் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் ஹெலிகொப்டர் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் மகளிடம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், என்ன மருந்து எடுக்கிறார், எவ்வளவு தண்ணீர் கொண்டு போனீர்கள்? ஹோட்டலில் நான் படித்த பிரெஞ்சு கொஞ்சம்தான். ஆனால் தண்ணீரும் போத்தலும் இலக்கங்களும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"நாலு போத்தல்," என்றாள் மகள். "ஆறு லிட்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். மகள் என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை உடுப்பு எடுக்க முகாமுக்குப் போனோம். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். மகள் பிரிட்ஜைத் திறந்தாள். இரண்டு போத்தலும் வியர்த்துப் போய் நின்றன. இரண்டையும் எடுத்து, மூடியைத் திறந்து, தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். வெறும் போத்தல்களை நசுக்கிக் குப்பைப் பையில் போட்டு அதன் வாயை முடிந்தாள்.

அவர் உயிர் தப்பினார். தப்பினது அவ்வளவுதான். வெப்பம் மூளையில் நடையைப் பார்க்கிற இடத்தைத் தின்றுவிட்டது என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். சொல் ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து வருகிறது. கொத்துகிற கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க நடுங்குகிறது. அவருடைய கல்லுக்கு முன்னால் இப்போது வேறு ஆள். கடைக்காரர்கள் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு அவரே கதை சொல்வார். "தண்ணி... நாலு போத்தல்... கொண்டு போனனாங்கள். வெயில்... அப்பிடி." மகள் டாக்டருக்குச் சொன்னதைத்தான் அவர் தன் ஞாபகமாக வைத்திருந்தார். நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவேன்.

ஒரே ஒரு தரம் சொல்லப் பார்த்தேன். "இஞ்சேருங்கோ, அண்டைக்குத் தண்ணி..." என்று தொடங்கினேன். "விடும்... தண்ணியாலை... இல்லை" என்றார். நானும் விட்டுவிட்டேன். விட எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்பது மாதம் கழித்து, போன கிழமை, மகளுடைய வகுப்பு தெற்கே புறப்பட்டது. ஐந்து நாள், கடலில் படகு, மலையில் நடை. அவள் போக விரும்புவாள் என்று நான் நினைக்கவேயில்லை. சம்மதத் தாளைக் கொண்டுவந்து தகப்பன் முன்னால் வைத்தாள். அவர் என்னைப் பார்த்தார். "போகட்டும். கடல்... என்ன செய்தது?" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பேனையைப் பிடித்துக் கையெழுத்து வைத்தார்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் நான் அவளுடைய பையை அடுக்கினேன். அதே முதுகுப்பை. தொப்பி, சப்பாத்து, துவாய். சாப்பாடு ஒன்றும் வைக்கவில்லை. அடியில் இரண்டு போத்தல், மேலே இரண்டு போத்தல். இழுத்துப் பூட்டி, கதவடியில் வைத்துவிட்டு, அவள் ஏதாவது சொல்வாள் என்று அங்கேயே நின்றேன்.

மகள் வந்தாள். பையைத் தூக்கிக் கதிரையில் வைத்துத் திறந்தாள். எனக்கு முன்னாலேயே உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். நாலு போத்தலையும் மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மூடியையும் திருகிப் பார்த்து, விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் தன் கையால் திரும்ப அடுக்கிப் பூட்டினாள். எனக்காகப் பொய் சொன்ன பிள்ளை. நான் கட்டிய பையை அவளால் நம்ப முடியவில்லை.

"சரி அம்மா," என்றாள், தமிழில். பையைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினாள்.