மான் வருமென்று பூட்டிய கேற்

என் தம்பியைப் பார்க்க அந்தக் காலத்தில் நான் பட்ட பாட்டுக்கு, ஜனாதிபதியைப் பார்க்கக் கேட்டிருந்தால் சுலபமாக நாள் கிடைத்திருக்கும். அவன் வேறு நாட்டில் இருக்கவில்லை. நாங்கள் திருகோணமலையில், உவர்மலைப் பக்கம்; அவன் உள்துறைமுகப் பக்கம், அப்பாவின் வீட்டில். நடந்தால் அரை மணித்தியாலம்கூட ஆகாது.

அம்மா செத்தபோது அவன் கைக்குழந்தை, எனக்குப் பத்து வயது. கொஞ்ச நாள் அவன் என் மடியில் மட்டும்தான் நித்திரை கொண்டான். பிறகு பெரியம்மா, பள்ளிக்கூடம் கிட்ட என்று சொல்லி என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா வருஷம் திரும்பியதும் சின்னம்மாவைக் கட்டினார். அதில்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்த வீட்டு வாசல் கேற்றின் மேல்தான். எப்போது போனாலும் பூட்டியிருக்கும். உள்ளே நின்றபடியே சின்னம்மா சொல்லுவார்: தம்பி நித்திரை. அடுத்தமுறை தம்பிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. இன்னொருமுறை, இப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்தது, வெளியே கொண்டுவர ஏலாது. எனக்கு வேண்டியது ஒரேயொரு தரம் அவனைத் தூக்குவது. கேற்றையாவது ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். திறந்தால் மான் வந்து பூங்கன்றுகளைத் தின்றுவிடுமாம். திருகோணமலையில் மான்கள் ஆடுமாடு மாதிரித் தெருவில் திரிவது உண்மைதான். நான் என்ன மானா?

அப்பாவிடம் சொன்னால் சின்னம்மாவைக் கேள் என்பார். சின்னம்மாவைக் கேட்டால் அப்பா வரட்டும் என்பார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை; எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை பாவம் பார்த்து வீடியோக் கோல் எடுத்தார். யாரோ ஃபோனைக் கதிரையில் மல்லாத்தி வைத்துவிட்டு எழும்பிப் போக, தம்பி எங்கோ சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அந்த வீட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சார்ஜ் இல்லை என்றார்கள்.

பெரியம்மா இன்னொரு ரகம். வீட்டுக்கு வருகிறவர், போகிறவர், சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் எல்லாரிடமும், கோர்ட்டுக்குப் போயாவது அந்தப் பிள்ளையை எடுத்துப்போடுவேன் என்று சபதம் போடுவார். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அவர் கோர்ட்டுக்குத்தான் போவதாக இருப்பார். அந்தக் கதையை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரத் தொடங்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாமி வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் கேற்றடியில் நிறைகுடம் வைத்து, குருக்களிடம் குடும்பத்தில் எல்லாருடைய பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வார்கள். அந்த நேரம் எந்த வீட்டுக் கேற்றும் பூட்டியிருக்காது.

பின்னேரம் சாமிக்குப் பின்னால் சனத்தோடு சனமாக நடந்தேன். நிறைகுடத்து மாவிலைக்கு ஆசைப்பட்டு ஒரு மானும் எங்களோடு வந்தது. அப்பாவின் வீட்டுக் கேற் அகலத் திறந்திருந்தது. அப்பா வழக்கம்போல வேலையில். சின்னம்மா ஈரத் தலையோடு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவனுக்குக் கட்டியிருந்த குட்டி வேட்டி அவிழப் பார்த்தது. சின்னம்மா அப்பாவின் பேரைச் சொன்னார், தன் பேரைச் சொன்னார், தம்பியின் பேரைச் சொன்னார், அத்தோடு நிறுத்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், என் பேரையும் நட்சத்திரத்தையும் தெருவுக்கே கேட்கச் சொன்னேன். குருக்களுக்கு இன்னும் எத்தனையோ வீடுகள் கிடந்தன. நிமிர்ந்தும் பார்க்காமல் என்னையும் சேர்த்து மந்திரத்தை முடித்தார். சாமிக்கு முன்னால் நானும் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டேன், இனி ஆர் தடுப்பது என்று தம்பியிடம் கையை நீட்டினேன்.

அவன் என்னைப் பார்த்தான். வாய் கோணியது. "அம்மா" என்று சின்னம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்தான். இதற்காகவா இத்தனை தரம் வெயிலில் நடந்தேன்?

சின்னம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஆர் உன்னை அனுப்பினது? பெரியம்மாவோ?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நான் தம்பியைப் பார்க்க வந்தனான்."

"பார்த்திட்டாய்தானே. போ பிள்ளை."

சாமி அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும், நிறைகுடத்தைக்கூட உள்ளே எடுக்காமல் மானுக்கு விட்டுவிட்டுக் கேற்றைப் பூட்டினார். பூட்டு இரண்டு தரம் கைதவறிக் கீழே விழுந்தது. நல்லாய் வேண்டும் என்று நினைத்தேன்.

வீடு வரும்வரை அழுதேன். பெரியம்மா கேட்டுவிட்டு, நாளைக்கே கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னார். போகவில்லை.

அவருடைய சபதங்கள் மீனோடு சேர்ந்து அப்பாவின் தெருவுக்கும் போய்க்கொண்டிருந்தன என்பதை எத்தனையோ வருஷம் கழித்துத்தான் அப்பா சொன்னார். பேசத் தெரியாத பிள்ளையைக் கையில் வாங்கி வளர்த்தவர் சின்னம்மா. அவருக்கென்று பிள்ளை பிறக்கவேயில்லை. பெரியம்மாவின் வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. சின்னம்மா நம்பியிருக்கிறார். நான் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்த அவ்வளவு நாளும், கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்திருக்கிறார்.